கோழிக்கொட்டிலில் மலர்ந்த கலை

நாற்பத்தெட்டு வயதில் புதிய கலையொன்றைக் கற்கப் புகுந்து, அதில் அழியாப் புகழ் எய்திய பெண்மணி ஒருவரின் வரலாறு இது.

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனை 1838இல் மணந்தார். பின்னாளில் இங்கிலாந்து சென்று, வைட் தீவில் பிரஷ்வாட்டர் என்னும் ஊரில் வாழ்ந்தார். கவிஞர் டென்னிசன் அவருடைய அண்டை வீட்டார். அம்மையாரோ நூல் பயில்வதில் தணியாத வேட்கையுடையவர். ஜெர்மானியக் கவிதையொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1847இல் வெளியிட்டவர்.

1863 டிசம்பரில் கணவர் தம் காப்பித் தோட்டங்களைக் காண இலங்கை சென்றிருந்தார். தாயின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் காமிரா ஒன்றைப் பரிசளித்தனர். அன்றே அம்மையாரின் வாழ்வு மாறியது. கோழிக்கொட்டில் படமெடுக்கும் கண்ணாடி அறையாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகள் என்ன நினைத்தனவோ!

அக்காலத்தில் படமெடுத்தல் எளிதன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்துக் கழுவ வேண்டும். எதிரில் அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். உழவர் ஒருவரை அமர்த்தி எடுத்த முதற்படத்தை அம்மையார் தம் கை பட்டே அழித்துவிட்டார். ஆயினும் தளரவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தபோது, அவளுக்குப் பரிசளிக்க வீடெங்கும் பொருள் தேடினாராம்!

உருவங்கள் தெளிவாக இல்லை, தகட்டில் கறைகள் உள்ளன என்று படக்கலை வல்லுநர் இகழ்ந்தனர். மீசையின் ஒவ்வொரு மயிரையும் எண்ணிக் காட்டுவது அம்மையாரின் நோக்கமன்று; முகத்தினுள் உறையும் மனத்தையே அவர் தேடினார். 1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஹெர்ஷலின் படத்தைக் காண்போர் இதனை உணர்வர்.

நூல்களில் படித்த மாந்தரை அவர் தம் வீட்டிலேயே கண்டார் என்பதே எனக்கு வியப்பளிக்கிறது. பணிப்பெண் மேரி ஹில்லியர் அவர் படங்களில் ஏசுவின் தாயானாள். டென்னிசனின் ஆர்தர் மன்னர் காவியத்திற்குப் படமெடுத்தபோது, வெண்தாடிக் கணவரே மாயவித்தை வல்ல மெர்லின் முனிவரானார்!

1875இல் இருவரும் இலங்கையில் குடியேறினர். காப்பிச் செடிகளை இலைநோய் அழித்துவந்த காலம் அது. தமிழகத்திலிருந்து சென்ற நம்மவர் அத்தோட்டங்களில் உழைத்து வந்தனர். அங்கு அம்மையார் எடுத்த படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் ஊர்ப் பெண்களும் தோட்டத் தொழிலாளரும் உள்ளனர். மேரியின் பெயரை உலகம் அறியும். இவர்களுள் பெரும்பாலோரின் பெயரைக் குறித்து வைத்தவர் இல்லை. முகங்கள் மட்டும் நம்மை நோக்கியவாறு உள்ளன.

1879 ஜனவரியில் அம்மையார் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். மலைத்தோட்டங்கள் சூழ்ந்த பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.