கழுதை வண்டிச் சிறுவன் கற்ற மொழிகள்

நம் வகுப்பில் அனைவருக்கும் பதினைந்து வயது. தமிழ், ஆங்கிலம் என இரு மொழிகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதற்கே எத்தனை முணுமுணுப்பு! இதே பதினைந்தாம் வயது வரை செய்தித்தாளின் ஒரு பத்தியைக்கூடப் படிக்கத் தெரியாதிருந்த ஒருவர், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மொழிநூல் பேராசிரியராக வீற்றிருந்தார். அவர்தாம் ஜோசப் ரைட்.

1855 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள், இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், பிராட்போர்டு நகரை அடுத்த ஐடில் வட்டாரத்திலுள்ள தாக்லி என்னும் ஊரில் பிறந்தார். ஐடில் என்றால் ஆங்கிலத்தில் சோம்பல் என்றும் பொருள் உண்டு. அங்குப் பிறந்த இவருக்கோ சோம்பல் என்பதே என்னவென்று தெரியாது! தந்தை கம்பளி நெய்பவர். கல் குவாரியிலும் வேலை பார்த்தவர். வறுமை வாட்டிய வீடு. ஆறு வயதில் ஜோசப் வேலைக்குப் போனார். குவாரியில் மழுங்கிப்போன உளிகளையும் கருவிகளையும் கழுதை வண்டியில் ஏற்றி, கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தீட்டி வாங்கி வருவதே அவர் வேலை. அடுத்து, டைட்டஸ் சால்ட் என்பவரின் பெரிய கம்பளி ஆலையில், நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெற்றுப் பாபின்களை மாட்டும் பையனானார். ஆலைப் பள்ளியில் எழுத்துகளையும் எண்களையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு அந்தப் படிப்பு வளரவில்லை.

1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஆலைத் தொழிலாளர்கள் வேலை ஓய்ந்த நேரத்தில் செய்தித்தாளை விரித்துப் போர்ச் செய்திகளைப் படிப்பார்கள். ஜோசப்புக்குப் பொறாமை தாங்கவில்லை. பிறர் படிக்கக் கேட்டால்தான் உலக நடப்பு தெரியும் என்ற நிலை அவரை உறுத்தியது. தாமே படித்துவிடுவது என்று துணிந்தார். பாடநூல் வாங்க வசதி ஏது? விவிலியமும், ஜான் பனியன் எழுதிய பரதேசியின் மோட்சப் பயணமுமே அவருக்கு அரிச்சுவடி ஆயின. (எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியமாகப் பாடினாரே, அதற்கு மூலமான நூல்தான் இது.)

படிக்கத் தெரிந்தபின் பசி அடங்கவில்லை; கூடிற்று. இரவுப் பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சும் ஜெர்மனும் கற்றார். இலத்தீனும் கணக்கும் தொடர்ந்தன. வீட்டிலிருந்தபடியே கற்போருக்காகக் காசெல் நிறுவனத்தார் பகுதி பகுதியாக வெளியிட்டுவந்த கல்வி ஏட்டையும் வாங்கிப் படித்தார். இரவு இரண்டு மணி வரை புத்தகம். ஐந்து மணிக்கு எழுந்து ஆலைக்கு ஓட்டம். பதினெட்டு வயதில், தாம் கற்றதைப் பிறருக்கும் கொடுக்க எண்ணித் தாயாரின் சிறு வீட்டுப் படுக்கையறையிலேயே ஓர் இரவுப் பள்ளி தொடங்கினார். உடன் வேலை செய்தவர்களே மாணவர்கள். கட்டணம் வாரத்துக்கு இரண்டு பென்னி!

சிறுகச் சிறுகச் சேர்த்தது 40 பவுன் ஆயிற்று. 1876 இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். ஆண்ட்வெர்ப் துறைமுகம் வரை கப்பல். அதன்பின் காசை மிச்சப்படுத்த, 250 மைலுக்கு மேல் நடந்தே ஹைடல்பர்க் சேர்ந்தார். கையிருப்பு ஒரு பருவப் படிப்புக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஊர் திரும்பிப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே லீட்ஸ் நகரில் மேற்படிப்பைத் தொடர்ந்தார். மீண்டும் ஹைடல்பர்க் சென்று, 1885 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே அவர் கற்ற மொழிகளின் வரிசையைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். சமஸ்கிருதம், லித்துவேனியம், ரஷ்யம் ஆகியவற்றோடு, கோத்திக், பழைய நார்ஸ், பழைய சாக்சன், பழைய உயர் ஜெர்மன், இடைக்கால உயர் ஜெர்மன், பழைய ஆங்கிலம்! பின்னால் சொன்ன ஆறும் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் வாட்டர் என்பதை ஜெர்மானியர் வாசர் என்பர். டென் என்பது ட்செஹ்ன். ஆப்பிள் என்பது ஆப்ஃபெல். இம்மாற்றங்கள் மனம்போன போக்கில் நடந்தவை அல்ல, ஒழுங்குக்கு உட்பட்டவை. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் ஒரு மொழியிலிருந்து அடுத்த மொழிக்குப் பாதி வழி தானே திறந்துவிடும்.

இவற்றுள் கோத்திக் மொழியைப் பேசுவோர் இன்று எவரும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்னும் ஆயர் விவிலியத்தை அம்மொழியில் பெயர்த்தார். ஊதா நிறம் தோய்த்த தோலில், வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பட்ட அதன் பழம்பிரதி ஒன்று சுவீடனில் உப்சாலா நகரில் உள்ளது. கோத்திக் மொழியை நாம் அறிவது பெரும்பாலும் இந்த மொழிபெயர்ப்பின் வழியாகவே.

என்னை வியக்க வைத்த செய்தி ஒன்று. யார்க்ஷயர் ஏழை எளியவர்கள் குழந்தையைப் பேர்ன் என்பார்கள். விளையாடுவதை லேக் என்பார்கள். நகரத்துப் படித்தவர்கள் காதில் இவை கொச்சைச் சொற்கள். ஆனால் நம் அன்னை மரியா எலிசபெத்தம்மாளைச் சந்தித்தபோது, அவர் வயிற்றில் குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியதை லூக்கா எழுதுகிறார் அல்லவா? அவ்விடத்தில் கோத்திக் விவிலியத்தில் குழந்தைக்கு உள்ள சொல் பார்ன். துள்ளுவதற்கு உள்ளது லைக்கன் என்னும் வினை. அதாவது, ஆலைத் தெருவில் புழங்கிய சொற்களின் உறவினரே பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் நற்செய்தி நூலிலும் இருந்திருக்கிறார்கள்! கிராமத்துப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்க ரைட்டுக்கு மனம் வராததில் வியப்பென்ன? பேராசிரியரான பின்பும் அவர் யார்க்ஷயர் பேச்சை விடவே இல்லை.

1888 இல் மாக்ஸ் முல்லர் அவரை ஆக்ஸ்போர்டுக்கு அழைத்தார். அங்கு அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, பெண்களின் உயர்கல்விக்கான சங்கத்தில் விரிவுரையாற்றுவது. அந்நாளில் ஆக்ஸ்போர்டில் பெண்கள் பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. அது 1920 இல்தான் கிடைத்தது. அப்படிப் படித்த எலிசபெத் மேரி லீ என்னும் மாணவியை 1896 இல் மணந்தார். பழைய ஆங்கில இலக்கண நூலைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதினார்கள்.

ஆங்கில வட்டார வழக்கு அகராதியே அவரது பெரும்பணி. நாடெங்குமிருந்து தொண்டர்கள் அனுப்பிய சொற்சீட்டுகளைத் திரட்டி, தம் கைப்பணத்தையும் போட்டு, 1898 முதல் 1905 வரை ஆறு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். இரவெல்லாம் விழித்திருந்து உழைப்பார். ஒரே சுவரின் மறுபுறம் நியூபவர் என்னும் எபிரேய அறிஞர் குடியிருந்தார். கண் பார்வை குன்றியதால் அவர் விளக்கொளியில் வேலை செய்ய இயலாதவர். பொழுது விடியும்போது ரைட் படுக்கப்போகும் முன் சுவரைத் தட்டிக் காலை வணக்கம் சொல்வாராம். விழித்தெழுந்த நியூபவர் இரவு வணக்கம் சொல்வாராம்!

அவர் எழுதிய கோத்திக் பாடநூலை ஒரு பள்ளி மாணவன், விவிலியச் சங்கத்து வெளியீடு என்று தவறாக நினைத்து வாங்கி, பிறகு தன் தோழனுக்கு விற்றுவிட்டான். வாங்கிய தோழன் பெயர் டோல்கீன். பின்னாளில் மோதிரங்களின் தலைவன் என்ற பெருங்கதையை எழுதியவரும், நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவருமான அதே டோல்கீன்தான். 1912 இல் அவர் ரைட்டிடமே மாணவராகச் சேர்ந்தார். ஞாயிறு மாலைகளில் ரைட் வீட்டில் மாணவர்களுக்குத் தேநீர் விருந்து. தடித்தடியான பிளம் கேக் துண்டுகள். கோத்திக்கில் அத்திமரத்துக்கு ஸ்மக்கபக்ம்ஸ் என்று பெயர். ரைட் அச்சொல்லை உச்சரித்ததும் அவர் வளர்த்த நாய் ஜாக் சப்புக்கொட்டி நாக்கால் உதட்டை நக்குமாம்!

அந்த வீட்டில் சோகமும் இருந்தது. அவர்களுக்குப் பிறந்த ஓர் ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் சிறு வயதிலேயே இறந்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமை ஆகாது. பெண்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று நம்பிய ரைட், அதன் நிருவாகத்தில் அவர்களுக்கு வாக்குரிமை தருவதை எதிர்த்தார். பெண்கள் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாமல் ஆட்டு மந்தைபோல் ஒரே பக்கம் ஓடுவார்கள் என்பது அவர் கருத்து. தமக்கு யார் படிப்பு வரும் என்று நம்பினார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

1930 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 ஆம் நாள், தம் 74 ஆம் வயதில், நிமோனியாக் காய்ச்சலால் ஆக்ஸ்போர்டில் காலமானார். பிறந்த ஊரின் நினைவாகத் தாக்லி என்று பெயரிட்டிருந்த சொந்த வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. கடைசியாக அவர் வாயிலிருந்து வந்த சொல் அகராதி என்பதாம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. எழுதியவர் எலிசபெத் அம்மையார்.