வேலையில் கை போனால் யார் பொறுப்பு? கணக்கெடுத்துக் காட்டிய கிறிஸ்டல் ஈஸ்ட்மன்

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தரணும். இன்னைக்கு இது சாதாரண விஷயம். ஆனால் 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தால்தான் காசு. அதுவும் லேசில் கிடைக்காது. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், தப்பு உன் மேல், இல்லைன்னா பக்கத்தில் நின்ற தொழிலாளி மேல் என்று சொல்லி முதலாளிகள் தப்பித்துவிடுவார்கள்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டல் ஈஸ்ட்மன். 1881-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே பாதிரியார்கள். அம்மா பாதிரியார் என்பது அந்தக் காலத்தில் ரொம்ப அபூர்வம். 1907-ல் நியூயார்க்கில் சட்டப் படிப்பை முடித்ததும், இரும்பு ஆலைகள் நிறைந்த பிட்ஸ்பர்க் நகருக்கு ஆய்வுக்குப் போனார்.

அங்கே அவர் செய்தது, சாவுகளை எண்ணியதுதான். அலெகெனி மாவட்டத்தில் ஒரே வருஷத்தில் வேலையிடத்தில் இறந்தவர்கள் 526 பேர். ஒவ்வொருவரும் எப்படி இறந்தார், குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று விசாரித்தார். திருமணமான ஆண்களை இழந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் முதலாளியிடம் பெற்றது 100 டாலர் அல்லது அதற்கும் குறைவு. பல குடும்பங்களுக்கு எதுவுமே இல்லை. தொழிலாளியின் அஜாக்கிரதைதான் எல்லாத்துக்கும் காரணம் என்ற பேச்சும் இந்தக் கணக்குக்கு முன் நிற்கவில்லை. 1910-ல் இது புத்தகமாக வந்தது.

நியூயார்க் மாநிலம் அமைத்த கமிஷனில் இருந்த ஒரே பெண் உறுப்பினரும் இவர்தான். அந்தக் கமிஷன் பரிந்துரையில் 1910-ல் சட்டம் வந்தது. ஆபத்தான வேலைகளில் தப்பு யார் மேல் என்று பார்க்காமலே இழப்பீடு!

அப்புறம்தான் ட்விஸ்ட். ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில், தப்பே செய்யாத முதலாளியிடம் பணம் பறிப்பது செல்லாது என்று 1911 மார்ச் 24-ல் மாநில உச்ச அமர்வு சட்டத்தை ரத்து செய்தது. மறுநாளே நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலை தீப்பிடித்தது. 146 பேர் பலி, பெரும்பாலும் இளம்பெண்கள். பின்னாளில் வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஓர் உயிருக்குக் கிடைத்தது வெறும் 75 டாலர்.

1913-ல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

ஈஸ்ட்மன் அதற்குள் போர் எதிர்ப்பு, பெண்கள் ஓட்டுரிமை என்று வேறு போராட்டங்களில் இறங்கியிருந்தார். 1928-ல் சிறுநீரக நோயால் இறந்தபோது அவருக்கு வயசு 47.