தத்துவ போதகர் நமக்குக் கற்றுத்தரும் கேள்விகள்



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் ஒரு வெள்ளை நாயைக் காண்கிறோம். ராஜபாளையம் நாய் வெள்ளையாக இருக்கும், இதுவும் வெள்ளை, ஆகவே இது ராஜபாளையம் நாய்தான் என்று ஒருவர் சொன்னால் சிறுவனும் சிரிப்பான். வெள்ளை நாய் மற்ற இனங்களிலும் உண்டே! ஆனால் விசுவாசக் காரியங்களில் இதே போன்ற வாதம் வரும்போது நாம் தலையாட்டிவிடுகிறோம். நம் மதுரை மண்ணில் அத்தகைய வாதத்தை எதிர்கொண்டவர் இயேசு சபைக் குரு இராபர்ட் தே நொபிலி.

1577-ல் இத்தாலியில் பிறந்த அவர் 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, துறவியாக வாழ்ந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர். திருமுழுக்குப் பெறுவோர் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை விட வேண்டியதில்லை என்று அவர் அனுமதித்தார்.

எதிர்ப்பு உடன் குருவிடமிருந்தே வந்தது. அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையிட்டார். 1619-ல் கோவாவில் கூடிய அவையில் பேராயரும் பெரும்பாலோரும் எதிராக நின்றனர். அவர்களது வாதம் இதுதான்: சிலைகளை வணங்குவோர் பூணூல் அணிகின்றனர், ஆகவே பூணூல் சிலை வழிபாட்டின் அடையாளம். நொபிலி இதிலுள்ள ஓட்டையைக் காட்டினார். வணங்குவோர் அணிவதெல்லாம் வழிபாட்டுக்காக அணிவதாகாது. பூணூல் குலத்தைக் காட்டும் அடையாளம் என்றார். வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் வடமொழி நூல்களிலிருந்தும் பிராமணர்களின் சாட்சியத்திலிருந்தும் சான்று திரட்டினார். வழக்கு ரோமுக்குச் சென்றது. 1623 ஜனவரி 31-ல் திருத்தந்தை 15-ம் கிரகோரியார், மூடநம்பிக்கை நீங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றை அனுமதித்தார். உயர்குலத்தார் எளியோரை இகழக் கூடாது என்றும் அதே ஆவணத்தில் வேண்டினார்.

நொபிலியின் வாதத்தையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்பது நேர்மை. சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். சமயம் சாராதது என்பதாலேயே ஒன்று குற்றமற்றது ஆகிவிடுமா? ஆகாது. அந்தப் பிரிவினை ஆலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் புகுந்து நம் சகோதரர்களுக்குத் தந்த வேதனையை நாம் அறிவோம்.

பார்வை மங்கிய முதியவராக 1656 ஜனவரி 16-ல் மயிலாப்பூரில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

ஆலயத்தில் குத்துவிளக்கு ஏற்றலாமா, பொங்கல் வைக்கலாமா என்று நம் பங்குகளில் இன்றும் விவாதம் எழுகிறது. அப்போது கோபப்படுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். சொல்லப்படும் காரணம் உண்மையா? அந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவு வருகிறதா? இந்த முடிவால் எளியவர் யாரேனும் காயப்படுகிறாரா? முதல் இரண்டையும் நொபிலியின் அறிவிலிருந்து கற்போம். மூன்றாவதை அவர் விட்ட குறையிலிருந்து கற்போம். இறைவன் நம் அறிவுக்குத் தெளிவையும் இதயத்துக்கு இரக்கத்தையும் தருவாராக!