பல்லாவரத்துக் கல்லைக் கண்டவர்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மன்ற நண்பர்களில் பலர், தாம்பரம் மின்வண்டியில் பல்லாவரத்தைக் கடந்திருப்பார்கள். 1863 மே 30ஆம் நாள், அங்கே சரளைக்கல் தோண்டிக் குவித்திருந்த ஒரு குழியருகே ஓர் இளைஞர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதற்சான்று என்று அறிஞர் அதனைப் போற்றுவர். கண்டெடுத்தவர் பெயர் இராபர்ட் புரூஸ் பூட்.

நமக்கும் அவருக்கும் இந்தக் கல்கத்தா வழியாகவே ஓர் உறவு உண்டு. சௌரங்கியில் அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851இல் தோன்றியது. இங்கிலாந்தில் 1834இல் பிறந்த பூட், 1858இல் இத்துறையில் சேர்ந்து சென்னைக் கிளைக்கு அனுப்பப்பட்டார். பாறைகளைப் பார்த்து நிலவியல் படம் வரைவதே அவர் வேலை. கோடரி தேடச் சொல்லி எவரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். இப்படி மண உறவிலும் தமிழ் அவரைத் தொட்டது.

அக்காலத்து நிலையை எண்ணிப் பாருங்கள். உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்று நம்பியவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். பிரான்சின் ஆற்றுச் சரளையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைத்ததை, 1859இல்தான் அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது. மனிதனின் தொன்மை பற்றி லயல் எழுதிய நூல் வெளிவந்ததும் 1863இல்தான். அந்தச் சூடு ஆறுமுன் பல்லாவரத்துக் கல் பூட்டின் கைக்கு வந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. குழியிலிருந்து வெளியே வாரிக் கொட்டிய குவியலில் கிடந்த கல் அது. எந்த அடுக்கில் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவரோடு திருவள்ளூர்ப் பக்கம் கொற்றலை ஆற்றோரத்து அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே கருவிகள் படிவின் உள்ளேயே புதைந்து கிடந்தன. ஐயம் நீங்கியது. என் கருத்தில், முதற்கல்லைவிட இந்த இரண்டாம் பயணமே அவரை அறிவியலாளர் ஆக்கியது.

கருவி கிடைத்தது, செய்தவன் எலும்பு எங்கே? ஆற்றுச் சரளையில் எலும்பு எளிதில் நிற்பதில்லை. சுண்ணாம்புக் குகைகள் அதனைக் காப்பாற்றும். கர்னூல் பக்கத்துப் பில்லசர்கம் குகைகளில் எலும்புகள் உண்டென்று நியூபோல்டு என்னும் படைத்தலைவர் முன்னரே எழுதியிருந்தார். ஹக்ஸ்லியின் தூண்டுதலால் சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் அவற்றைத் தோண்டச் செய்தார். பொறுப்பு பூட்டுக்கு வந்தது. 1884-85இல் அவரும், படையில் பணிபுரிந்த மகன் ஹென்றியும் அங்கே தோண்டினர். காண்டாமிருகம், கழுதைப்புலி என்று விலங்கு எலும்புகள் குவிந்தன. எலும்பில் செய்த கருவிகள் என்று பூட் கருதியவையும் கிடைத்தன. ஆனால் ஆதிமனிதனின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

குகை ஒரு வஞ்சகப் பெட்டி, நண்பர்களே! கூரை இடிந்து விழும்; வெள்ளம் புகுந்து கலக்கும்; மேலடுக்கின் எலும்பு பிளவு வழியே கீழடுக்கில் போய்ச் சேரும். ஆழத்தில் கிடப்பதெல்லாம் பழையது என்று சொல்லிவிட முடியாது. பூட்டின் கையில் இருந்த அளவுகோல் ஒன்றே: இது அதற்கு முந்தியது, அது இதற்குப் பிந்தியது. எத்தனை ஆண்டு என்று சொல்ல அக்காலத்தில் வழியில்லை. இடத்தையும் அடுக்கையும் குறித்து வைத்தார். இல்லாத எண்ணை இட்டு நிரப்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் வரைபடத்துக்கு ஏற்றபடி ஒரு புள்ளியை நகர்த்தும் ஆசை எனக்கே வந்ததுண்டு. ஆகவே இதன் அருமை எனக்குத் தெரியும்.

அந்த எண்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தன. அவ்வட்டாரத்து வேறொரு குகையில் 1970களில் எம். எல். கே. மூர்த்தி எலும்புக் கருவிகளைக் கண்டார். அங்கிருந்த அடுப்பு மண்ணின் வயது ஏறத்தாழ 17,000 ஆண்டு என்று தெரிந்தது. பில்லசர்கத்தின் விலங்கு எலும்புகள் 2,00,000 ஆண்டு வரை பின்னே செல்கின்றன என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

அத்திரம்பாக்கத்துக் கதை இன்னும் வியப்பானது. வெயிலில் கிடக்கும் படிகக்கல்லில் அண்டக்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அந்த வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். அலுமினியம் விரைந்து தேயும். பெரிலியம் மெல்லத் தேயும். எஞ்சிய விகிதமே புதைந்த காலத்தைக் கூறும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபான்டைன் குகையில் கிடைத்த 'சின்னப் பாதம்' என்னும் முன்னோரின் எலும்புக்கூட்டுக்கு 2015இல் இம்முறையால்தான் 36.7 இலட்சம் ஆண்டு என்றார்கள். அதைக் குறைத்துச் சொல்வோரும் உண்டு. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் இதே முறையைக் கையாண்டு, அங்குள்ள கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழையன என்று 2011இல் வெளியிட்டனர். அவற்றைச் செய்த கையின் எலும்பு தமிழ்நாட்டு மண்ணில் இன்னும் அகப்படவில்லை. பூட் சார்ந்த அதே துறையின் அருண் சோனகியா 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதுவும் ஆற்றுப் படிவில்தான். அதன் வயதைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

பூட் 1891இல் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. பரோடாவிலும் மைசூரிலும் பணியாற்றினார், ஏற்காட்டில் வாழ்ந்தார். தாம் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடம் குறித்து அவர் எழுதிய பட்டியல் 1914இல்தான் அச்சேறியது. அதைக் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29ஆம் நாள், நாம் படிக்கும் இதே கல்கத்தாவில் அவர் காலமானார். அவரது சாம்பலை ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்று அங்குள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்தனர்.