கப்பலுக்கு முன் பிறந்த கம்பெனி

போதிய முதல் சேருமுன் தொழில் தொடங்கலாமோ என்று வேப்பம்பட்டு அன்பர் சிலர் நம்மை வினவுவதுண்டு. ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு தோன்றிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரிதம் இதற்கு விடை பகரும்.

பிள்ளையவர்கள் தூத்துக்குடியில் வக்கீலாயிருந்தவர். அங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பலோட்டம் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் கையகத்தது. 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டமையால் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி தென்னாட்டிலும் பரவிற்று. அவ்வெழுச்சி தணியுமுன், 1906 அக்டோபர் 16-இல், பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்வித்தார். பங்கொன்று 25 ரூபாய். மூலதனம் 10 லட்சமெனக் குறித்தனர். சொந்தக் கப்பலோ ஒன்றேனுமில்லை!

வாடகைக் கப்பலைக் கொண்டே ஓட்டம் தொடங்கிற்று. எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் உடையவர் அதனை மீட்டுக்கொள்ளவே, கொழும்பிலிருந்து வேறொன்றை அமர்த்த நேர்ந்தது. காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் 1907-இல்தான் வந்தன. அதுவரை பொறுத்திருப்பின், பங்கு வாங்கிய மக்களின் ஊக்கமும் பொறுத்திருக்குமோ? இராதென்றே கருதுகிறோம், முதலை ஈட்டித் தந்தது அவ்வூக்கமன்றோ!

தொடங்கிய காலத்தை நாம் குறைகூறோம். பெரும்பாரம் ஒருவர் தோள்மீதே நின்றமைதான் நம் மனத்தை உறுத்துகின்றது. எதிரி கட்டணத்தைக் குறைத்து நட்டம் பொறுக்க வல்லவன். 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் அவர் சிறை நீங்கியபோது, துறையில் அவருக்கெனக் கப்பலில்லை.