சொக்கோட்டோவின் சர்தௌனா

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவின் வடபகுதி மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மாலிக்கீ மத்ஹபைப் பின்பற்றுவோர். நாட்டின் பரப்பில் பாதிக்கு மேற்பட்ட அந்த வட மாகாணத்தில், 1954 முதல் 1966 வரை முதலமைச்சராக இருந்து ஆட்சி நடத்தியவர் மர்ஹூம் அல்ஹாஜ் ஸர் அஹ்மது பெல்லோ. சர்தௌனா என்பது அன்னாரின் பட்டம். பதவியும் பொதுப்பணமும் அமானிதம் என்று ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த அமானிதத்தில் மோசம் செய்தார் என்று ஒருமுறை தண்டனை விதிக்கப்பெற்றவர் இவர். அதற்குப் பின் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

சொக்கோட்டோவை அடுத்த ராபா என்னும் ஊரில் 1910ஆம் ஆண்டு அன்னார் பிறந்தார். ஷெய்கு உஸ்மான் இப்னு ஃபோதியோ அவர்களின் வழித்தோன்றல். அந்த மகான் 1804இல் ஹௌஸா அரசர்களின் அநீதிகளை எதிர்த்து ஜிஹாது செய்து, கிலாஃபத்து ஒன்றை நிறுவினார்கள். அவர்களின் மகன் சுல்தான் முஹம்மது பெல்லோ, நமது அஹ்மது பெல்லோவுக்குப் பூட்டனார். 1903இல் ஆங்கிலேயர் சொக்கோட்டோவைப் பிடித்துக்கொண்டனர். ஆயினும் சுல்தானையும் மற்ற அமீர்களையும் அரியணையில் இருக்கவிட்டு, அவர்கள் மூலமாகவே வரி வசூலித்து ஆண்டனர்.

அஹ்மது பெல்லோ கட்சினா பயிற்சிக் கல்லூரியில் படித்து, சொக்கோட்டோவில் ஆசிரியராக இருந்து, 1934இல் ராபா மாவட்டத்தின் தலைவரானார். 1938இல் சுல்தான் பதவி காலியானபோது அதற்குப் போட்டியிட்டார். வயது இருபத்தெட்டு. பதவி உறவினரான அபூபக்கருக்குப் போயிற்று. புதிய சுல்தான் தம்மை எதிர்த்து நின்றவருக்கே சர்தௌனா என்னும் பழம்பெரும் பட்டத்தை அளித்து, குஸாவ் நகரில் இருந்துகொண்டு கிழக்கு மாவட்டங்களை மேற்பார்க்க அனுப்பிவைத்தார். இது கௌரவமா, கண்ணுக்கெட்டாத தூரத்தில் வைக்கும் தந்திரமா என்று இன்றும் இரண்டு விதமாகப் பேசுவோர் உண்டு.

சோதனை அங்கேதான் வந்தது. மாடு மேய்க்கும் ஃபுலானி மக்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கப்படும் ஜங்காலி என்னும் வரிப்பணத்தை அவர் கையாடிவிட்டார் என்று 1943ஆம் ஆண்டு வாக்கில் வழக்குத் தொடரப்பட்டது. சுல்தானின் நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சர்தௌனா மேல் நீதிமன்றத்தில் முறையிட்டார். அங்கே குற்றமற்றவர் என விடுதலையானார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷரீஅத்தில் இல்லாத வரி என்று ஷெய்கு உஸ்மான் அவர்கள் தம் நூலில் கண்டித்தவற்றுள் இந்த ஜங்காலியும் ஒன்று. பாட்டனார் ஒழிக்கச் சொன்ன வரி, ஆங்கிலேயர் காலத்தில் அவர் வாரிசுகளின் கையாலேயே வசூலாகி, அதே வாரிசுகளுக்குள் வழக்காகவும் ஆயிற்று.

1948இல் உள்ளாட்சி முறையைக் கற்க இங்கிலாந்து சென்று திரும்பியவர், அடுத்த ஆண்டே வடபகுதிச் சட்டசபையில் இடம் பெற்றார். பிறகு அமைச்சர், 1954இல் முதலமைச்சர். இப்போது சுல்தான் உட்பட எல்லா அமீர்களும் அவருடைய அரசின் கீழ் வந்துவிட்டனர். தமக்குத் தண்டனை விதித்த உறவினரைப் பழிவாங்க இதைவிட வாய்ப்பு வேண்டுமா? அவர் அதைச் செய்யவில்லை. அமீர்களைத் தொட அஞ்சினார் என்றும் சொல்வதற்கில்லை. கானோ நகரின் செல்வாக்கு மிக்க அமீர் முஹம்மது சனூசியை, நிதி நிர்வாகம் பற்றி விசாரணை வைத்து, 1963இல் பதவி விலகச் செய்தது இவரது அரசுதான். ஆனால் சுல்தான் அபூபக்கர் தம் இடத்திலேயே இருந்தார். முஸ்லிம்களை ஒன்றுசேர்க்க ஜமாஅத்து நஸ்ரில் இஸ்லாம் என்னும் அமைப்பைச் சர்தௌனா தோற்றுவித்தபோது, அதன் தலைமையும் அந்தச் சுல்தானுக்கே போயிற்று.

மற்றொன்றும் உண்டு. 1959 டிசம்பர் தேர்தலில், மத்திய சபையின் 312 இடங்களில் 134ஐ அன்னாரின் கட்சி பெற்றது. கட்சித் தலைவர் என்ற முறையில், சுதந்திரம் பெறப்போகும் நாட்டின் பிரதமர் பதவி அவர் கேட்டால் கிடைத்திருக்கும். அவரோ லாகோசுக்குப் போகாமல் கடுனாவில் வட மாகாண முதலமைச்சராகவே இருந்துகொண்டு, கட்சியில் தமக்கு அடுத்தவரான அபூபக்கர் தஃபாவா பலேவாவையே பிரதமராகத் தொடர விட்டார். இதை முழுத் துறவு என்று நாம் சொல்லமாட்டோம். கடிவாளம் கடுனாவில் இருந்தது என்பதை ஊரறியும்.

நம் நாட்டு வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்று. வடபகுதிக் காஜி நீதிமன்றங்கள் மாலிக்கீ ஃபிக்ஹின்படி குற்ற வழக்குகளையும் தீர்த்துவந்தன. முஸ்லிமல்லாத சிறுபான்மையினர் இதனை அஞ்சினர். எனவே 1958இல் சூடான் நாட்டுத் தலைமை நீதிபதி அபூ ரன்னாத், பாகிஸ்தான் நீதிபதி முஹம்மது ஷரீஃப் முதலியோர் அடங்கிய குழுவைச் சர்தௌனாவின் அரசு அமைத்தது. அவர்கள் யோசனைப்படி சூடானின் தண்டனைச் சட்டம் மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அந்தச் சூடான் சட்டமோ, 1860இல் நம் நாட்டுக்கு எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது! முஸ்லிம் மது அருந்தினால் தண்டனை என்பது போன்ற விதிகள் அதில் சேர்க்கப்பட்டன. திருமணம், வாரிசுரிமை முதலியவற்றுக்கு ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்பட்டது. உலமாக்கள் பலருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. சுதந்திர தினத்தை ஒட்டி, 1960இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கல்வியில் வடபகுதி தென்பகுதிக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. ஜாரியாவில் 1962இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அன்னாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மக்காவின் ராபித்தத்துல் ஆலமில் இஸ்லாமியின் துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் இருந்தார். கையுறை மாட்டிக்கொண்டு சுவரில் பந்தடிக்கும் ஃபைவ்ஸ் விளையாட்டில் அவருக்கு அலாதிப் பிரியம்.

1963க்குப் பின் ஊர் ஊராகச் சென்று தீனுக்கு அழைப்பு விடுத்தார். ஆயிரக்கணக்கானோர் கலிமா சொன்னார்கள். நிர்ப்பந்தத்துக்கு இடமில்லாத மார்க்கம் நமது மார்க்கம். ஆட்சியின் தலைவரே பரிவாரத்துடன் வந்து அழைக்கும்போது, உள்ளம் ஏற்று வருபவர் யார், சலுகை நாடி வருபவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? அன்னாரின் மறைவுக்குப் பின் பலர் பழைய வழிக்கே திரும்பிவிட்டனர். அழைப்புப் பணியும் அரசாங்கப் பணியும் தனித்தனியாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்பதே நம் கருத்து. எதிர்க்கட்சியினரை அவரது ஆட்சி நடத்திய விதமும் மென்மையானதன்று. அரசு வேலைகள் வடபகுதியாருக்கே என்ற கொள்கை தென்பகுதியாரின் மனத்தைப் புண்படுத்தியது.

1966 ஜனவரியில் உம்ரா செய்துவிட்டுக் கடுனாவுக்குத் திரும்பியிருந்தார். ஹிஜ்ரி 1385, ரமலானின் கடைசிப் பத்து. 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை மேற்கு மாகாண முதலமைச்சர் அகிந்தோலா விமானத்தில் வந்து, ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரித்துச் சென்றார். சர்தௌனா ஊரை விட்டுப் போகவில்லை. அன்றிரவு கழிந்து விடியுமுன், மேஜர் இன்ஸெக்வு என்பவரின் தலைமையில் வந்த படையினர் மாளிகையைத் தாக்கி அன்னாரைச் சுட்டுக் கொன்றனர். மூத்த மனைவி ஹஃப்ஸத்துவும் அவருடனேயே மாண்டார். பிரதமர் பலேவாவும் அகிந்தோலாவும் அதே கிளர்ச்சியில் கொல்லப்பட்டனர். அல்லாஹ் அவர்கள் பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

கொன்றவர்களுள் பலர் இக்போ இனத்து அதிகாரிகள் என்பதால், அதே ஆண்டில் வடபகுதியில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். குற்றத்தில் பங்கில்லாத வியாபாரிகளும் பெண்களும் குழந்தைகளும் அதில் அடங்குவர். அதைத் தொடர்ந்து 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர்.

1967இல் வட மாகாணம் ஆறு மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டது. அன்னார் கொல்லப்பட்ட மாளிகை அரேவா இல்லம் என்ற பெயரில், ஜாரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்று ஆவணக் காப்பகமாக ஆயிற்று. சுல்தான் அபூபக்கர் 1988 வரை, ஐம்பது ஆண்டுகள், சொக்கோட்டோ அரியணையில் இருந்தார்.