40 வருஷம் யாரும் முறியடிக்க முடியாத சாதனை: யார் இந்த சிவ்நாத் சிங்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விடியற்காலையில் கிளம்புபவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. ஸ்கூல் கிரவுண்டிலும் ரோட்டோரத்திலும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் போலீஸ் வேலைக்கு, மீதிப் பேர் ராணுவத்துக்கு. தமிழ்நாடு காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்கே பலருக்கு மூச்சு வாங்கிவிடும்.

அதே 1,500 மீட்டரை 4 நிமிடம் 42 விநாடியில் ஓடுங்கள். நிற்காமல் அப்படியே 28 தடவை ஓடுங்கள். அதுதான் சிவ்நாத் சிங் 1978-ல் ஓடிய மாரத்தான்!

பக்சார் டூ ராணுவம்

1946 ஜூலை 11 அன்று பிகார் மாநிலம் பக்சார் பகுதியில் உள்ள மஞ்சரியா கிராமத்தில் பிறந்தவர் சிவ்நாத். வசதி இல்லாத குடும்பம். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஓட்டம் அவருடைய வாழ்க்கையாக மாறியது. ஷூ போட்டு ஓடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. பெரும்பாலும் வெறுங்காலிலேயே ஓடினார்.

1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் தங்கம், 10,000 மீட்டரில் வெள்ளி. அதன்பிறகு அவர் பார்வை மாரத்தான் பக்கம் திரும்பியது.

மான்ட்ரியலில் என்ன நடந்தது?

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக். சிவ்நாத்துக்கு அப்போதுதான் 30 வயது முடிந்திருந்தது. கிழக்கு ஜெர்மனியின் வால்டெமர் சீர்பின்ஸ்கி 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வென்றார். சிவ்நாத் 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் 11-வதாக வந்தார். பதக்கம் இல்லை என்பதால் அந்த ஓட்டம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வது இடம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஜலந்தரில் வந்த 2:12:00

1978-ல் பஞ்சாபின் ஜலந்தரில் 42.195 கி.மீ தூரத்தை சரியாக 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார். புதிய தேசிய சாதனை!

இந்த வேகம் புரியவில்லையா? ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கி.மீ. சிவ்நாத் அந்த வேகத்தில் கிளம்பியிருந்தால் 38 நிமிடத்துக்குள் ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்திருப்பார். முழு மாரத்தான் என்பது இந்த இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு தடவை போய்வருவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

1980 மாஸ்கோ ஒலிம்பிக் மாரத்தானில் அவரால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2003 ஜூன் 6 அன்று அதே ஊரில் காலமானார். வயது 56.

பெருமையா, கவலையா?

ஜலந்தர் சாதனையை அடுத்த 40 ஆண்டுகளில் எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை. கேரளத்தைச் சேர்ந்த டி.கோபி 2019-ல் சியோலில் நல்ல ஷூ, நவீன பயிற்சியோடு ஓடி எடுத்த நேரம் 2:13:39. வெறுங்காலில் பழகிய சிவ்நாத்தை அப்போதும் பிடிக்க முடியவில்லை.

ஆனால் இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1978-ல் உலகின் சிறந்த மாரத்தான் நேரம், ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969-ல் ஓடிய 2:08:33. சிவ்நாத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் வெறும் மூன்றரை நிமிடம். 2023-ல் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2:00:35-ல் ஓடினார். வித்தியாசம் 11 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. உலகம் ஓடிக்கொண்டே இருந்தது, நாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம்.

கென்யா எப்படி முன்னேறியது? அதற்கான விடைகளில் ஒன்று கிராஸ் கன்ட்ரி. ஸ்டேடியம் டிராக்கில் இல்லாமல் புல், சேறு, மேடு பள்ளம் என்று ஓடும் போட்டி இது. இதற்கான உலக சாம்பியன்ஷிப் 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கியது. 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 முறை ஆண்கள் அணிப் பட்டத்தை வென்றது கென்யா. இப்படி ஓடிப் பழகியவர்கள் பலர் பிறகு மாரத்தானிலும் கொடி நாட்டினார்கள்.

கிராஸ் கன்ட்ரிக்குத் தேவையான மண்பாதையும் கண்மாய்க்கரையும் மலையடிவாரமும் நம்ம ஊரிலும் இருக்கின்றன. விடியற்காலையில் ஓடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செலக்‌ஷன் முடிந்து வேலை கிடைத்ததும் பெரும்பாலானவர்களின் ஓட்டம் நின்றுவிடுகிறது. ராணுவ வேலை கிடைத்த பிறகுதான் சிவ்நாத் சிங்கின் ஓட்டமே ஆரம்பித்தது.